சதுர்த்தசி இருட்டு

ஸ்ரீ:
தேவராஜ மொஹல்லா, மைசூரு
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பத்மாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

இங்கே நானும் ஹரிப்ரசாதும் சௌக்கியம். உன் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி வைத்தாயிற்று என்று ஹரி சொன்னான். ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள் கெட்டிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். நீதான் அன்றைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டிரு. மயக்க ஊசி போட வருகிறவரிடமே ஆதாரம் கேட்கக்கூடியவள் நீ.

போனை விட்டுவிட்டு இதென்ன கடுதாசி என்று சிரிக்காதே. என் காது மெஷினுக்கும் போனுக்கும் ஆகவே ஆகாது. கிட்டே கொண்டுபோனால் கீச்சென்று கத்துகிறது. நீ பேசுவதை ஹரி என் காதில் திருப்பிக் கத்துகிறான், அதுவும் பாதிதான் விழுகிறது. அதனால் இனிமேல் காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடப்போகிறேன். நீயும் அப்படியே செய். பாசுரம் படிக்கவென்று அப்பா நம் இருவரையும் தலையில் குட்டிக் குட்டித் தமிழெழுத்து கற்க வைத்தது இப்போதுதான் பிரயோஜனப்படுகிறது. ஹரி ஆத்தில் நம் பாஷை பேசுவானே தவிர ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. கன்னடமும் இங்கிலீஷும்தான்.

அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன். பிள்ளை திருந்திவிட்டான்! வேலை விட்டு வந்தால் லேப்டாப்பே கதி என்று கிடந்தவனுக்குத் திடீரென்று நம் சதுர்த்தசி இருட்டின் மேல் அக்கறை வந்திருக்கிறது. ஊரெல்லாம் நரக சதுர்த்தசிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு விளக்கேற்றிப் பட்டாசு கொளுத்த, நம் ஆத்தில் மட்டும் ஏன் அகல்கூட இல்லை என்று சின்ன வயதில் அழுது புரண்டவன். சுல்தான் காலத்தில் அதே நாளில்தான் மேல்கோட்டை ஐயங்கார்களான நம்மவர்களைக் கூட்டமாகக் கொன்றார்கள், அதனால் நமக்கு அன்று பண்டிகை கிடையாது என்று உன் மன்னி எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? அப்போதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவன் இப்போது உட்கார்ந்து கேட்கிறான். ‘விளக்கேற்றாத வீடுகள்’ என்று நீ இங்கிலீஷில் எழுதிய கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு, “அத்தை இவ்வளவு பெரிய ஆளாப்பா?” என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

இவனும் சில இளைஞர்களும் ‘சதுர்த்தசி ஸ்மரண சமிதி’ என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அக்டோபர் இருபது சதுர்த்தசி. அன்று கூட்டம், ஊர்வலம். நீதான் முக்கிய விருந்தாளியாம். கால் தேறிவிட்டால் வருவாயா?

கீழ்வீட்டு நூருன்னிஸா உன்னை விசாரித்தாள். பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போய்ப் போய் உன் மன்னி அவளுக்கு நம் பாஷையையே தொற்றவைத்துவிட்டுப் போனாள். “மாமா, சாத்தமுது கொஞ்சம் இருக்கா, அம்மாவுக்கு வாய் கசக்கறதாம்” என்று ரசத்துக்குக்கூட நம் வார்த்தையைச் சொல்லிக்கொண்டு படியேறி வந்தால், யார் ஆத்துப் பெண் என்று எனக்கே சந்தேகம் வரும். அவளுடைய அம்மா இப்போது முழுக்கப் படுத்த படுக்கைதான்.

உன் அண்ணா,
நரசிம்மமூர்த்தி

*

ஆம்ஸ்டர்டாம்
27 ஆகஸ்ட் 2025

அண்ணாவுக்கு பத்மாவின் நமஸ்காரம்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் இரண்டாம் பக்கத்தைத் தலைகீழாகப் போட்டோ பிடித்திருந்ததைப் பார்த்து அதுவும் நின்றுவிட்டது. அடுத்த தடவை நேராகப் பிடி.

ஆபரேஷன் மூன்றாம் தேதி. மூன்று மாதம் விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நான் வர முடியாது. ஆனால் உன்னிடம் சாக்குச் சொல்ல எனக்கு மனசில்லை. கால் நன்றாக இருந்தாலும் அந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே, கேள். இங்கே நான் வீட்டைவிட்டு இறங்கினால் நடைபாதையில் உள்ளங்கை அளவுக்குப் பித்தளைக் கற்கள் பதித்திருக்கும். அந்தந்த வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய்க் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர், பிறந்த வருஷம், செத்த இடம். அவ்வளவுதான். முதன்முதலில் பார்த்தபோது நம் ஆத்து இருட்டுதான் ஞாபகம் வந்தது. நாமும் அப்படித்தானே? அம்மா அன்றைக்கு வாசலைப் பெருக்கிக் கோலம் போடாமல் விடுவாள். சாயங்காலம் எல்லாரும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். யாரையும் திட்டினதில்லை, சபித்ததில்லை. துக்கம் இருந்தது, அதற்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. படுகொலைகளின் சரித்திரம் என்கிற இந்தப் படிப்புக்கே நான் வந்தது அந்த இருட்டினால்தான்.

சமிதியில் நம்மவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் யார்? செத்தவர்களை நினைக்கக் கூட்டம் எதற்கு, ஊர்வலம் எதற்கு? ஊர்வலம் என்றால் எங்கிருந்து எங்கே? இதை ஹரியிடம் கேட்டு எழுது. ஹரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அவன் மேல் சந்தேகமில்லை, அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் யாரென்றுதான் பார்க்கிறேன்.

நூருன்னிஸாவை நான் விசாரித்ததாகச் சொல். போன வருஷம் அவள் தைத்துக் கொடுத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டுதான் வகுப்பு எடுக்கிறேன்.

பத்மாஸினி

*

மைசூரு
15 செப்டம்பர் 2025

பத்மாவுக்கு ஆசீர்வாதம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டுப் பெருமாளைச் சேவித்தேன். பதில் எழுதத் தாமதமானது வேண்டுமென்றுதான். உன் கடிதம் என்னைச் சுட்டுவிட்டது.

எங்கெங்கோ ஆப்பிரிக்காவில், ஐரோப்பாவில் செத்தவர்களுக்கெல்லாம் நீ புத்தகம் புத்தகமாக எழுதுகிறாய். நம் பிணத்துக்கு அழு என்றால் மட்டும் எங்கிருந்து எங்கே ஊர்வலம் என்று போலீஸ்காரி மாதிரி கேட்கிறாயே! எழுநூறோ எண்ணூறோ, நம் ரத்தம் இல்லையா? இருநூறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தோம். ஒரு பிள்ளை வாயைத் திறந்து சொல்கிறான், அதில் என்ன பிசகு? இதை ஹரிதான் கேட்டான், எனக்கும் சரியென்று பட்டது. எழுதிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: நம்மவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்களை எனக்குத் தெரியாது. மரியாதையான பிள்ளைகள், கால் தொட்டுக் கும்பிடுகிறார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். என்னையும் மேடையில் உட்காரவைத்து, பேசு என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர் யாரோ வெளியூர்க்காரர், மேஜையைக் குத்திக் குத்திப் பேசினார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ஜனங்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது மட்டும் தெரிந்தது. சூட்டைக் கொஞ்சம் தணிக்கலாம் என்று நான் நம் நூருன்னிஸா கதையைச் சொன்னேன்.

உனக்குத் தெரியுமோ இல்லையோ, அவள் குடிவந்த வருஷத்திலிருந்து சதுர்த்தசியன்று அவளும் வாசல் விளக்கைப் போடுவதில்லை. உன் மன்னி ஏனென்று கேட்டதற்கு, “மேலே துக்கம்னு இருட்டா இருக்கச்சே கீழே மாத்திரம் எரிஞ்சா நன்னாவா இருக்கும் மாமி?” என்றாளாம். இதைச் சொல்லி, “பாருங்கோ, அந்த ஜாதியிலேயே நம்ம துக்கத்துக்கு விளக்கணைக்கிறவா இருக்கா” என்று முடித்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன், யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து, “யாவ மனெ, சார்?” என்றான். எந்த வீடு என்று கேட்கிறான். ஆர்வமாகக் கேட்கிறானே என்று நம் சந்தின் பெயர், மார்க்கெட் பக்கத்து அடையாளம் எல்லாம் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டான்.

அவர்கள் அடித்த நோட்டீஸையும் போட்டோ பிடித்து வைத்திருக்கிறேன். உன் படம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியோடு நன்றாக இருக்கிறாய்.

அண்ணா

*

ஆம்ஸ்டர்டாம்
16 செப்டம்பர் 2025

அண்ணா,

நமஸ்காரம் எழுதுகிற நிலையில் நான் இல்லை. நீ என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாய்!

நோட்டீஸைப் படித்தேன். என் படத்துக்குக் கீழே கன்னடத்தில், “விளக்கேற்றாத வீடுகளே சாட்சி – பேராசிரியை பத்மாஸினி” என்று போட்டிருக்கிறார்கள். நான் எழுதிய வாக்கியம் அதுதான், ஆனால் பாதி. முழு வாக்கியம் இது: “விளக்கேற்றாத வீடுகளே சாட்சி, ஆனால் அவை உயிரோடிருக்கும் எவருக்கும் எதிராகச் சாட்சி சொல்வதில்லை.” கழுத்தை வெட்டுகிற மாதிரி நடுவில் வெட்டியிருக்கிறார்கள். ஹரி கட்டுரை முழுவதையும் படித்தவன். அவனுக்குத் தெரிந்துதான் இது நடந்திருக்கிறது.

நம் பிணத்துக்கு அழமாட்டாயா என்று கேட்டாய். நான் அழாத வருஷம் கிடையாது அண்ணா. நம் ஆத்துப் பெரியவர்கள் சொல்வார்களே, சுல்தானுக்கு எதிராக அரண்மனை ராணிக்கு ஒத்தாசை செய்தார்கள் என்று சந்தேகப்பட்டு, சம்பந்தப்பட்டவன் சம்பந்தப்படாதவன் என்று பார்க்காமல் உறவுக்காரர்களையெல்லாம் கொன்றார்கள் என்று. ஒருத்தன் செய்ததற்கு அவன் இனத்தையே பொறுப்பாக்கினார்கள். அதுதானே நமக்கு நடந்த அநியாயம்? இப்போது நூருன்னிஸா எந்த அரண்மனையில் சுல்தானாக இருந்தாள்?

இன்னொன்று சொல்கிறேன். இந்த ஊரை ஜெர்மன்காரர்கள் பிடித்திருந்த காலத்தில், குமாஸ்தாக்கள் உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டார்கள். பத்து யூதருக்கு ஒரு கறுப்புப் புள்ளி. நாசூக்கான வேலை, கோடெல்லாம் நேராக இருக்கும். நான் வகுப்பில் அதைக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள், போட்டவர்களுக்கு அது எதற்கென்று தெரியுமா என்று கேட்பார்கள். எந்த வீடு என்று கேட்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கும் என்று பதில் சொல்வேன். முந்தாநாள் உன்னிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். நீ அடையாளத்தோடு சொல்லியிருக்கிறாய்.

நீ நல்ல மனசோடுதான் சொன்னாய். எனக்குத் தெரியும். இருந்தாலும் உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. இனி அந்தக் கூட்டத்துக்குப் போகாதே. ஹரியை உட்காரவைத்துப் பேசு. சமிதிக்கு என் பெயரை எடுக்கச் சொல்லி நான் எழுதிவிட்டேன்.

பத்மா

*

மைசூரு
6 அக்டோபர் 2025

பத்மாவுக்கு,

இருபது நாளாக எழுதவில்லை. எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

ஹரியிடம் பேசினேன். அந்த வாக்கியத்தை ஏன் பாதியில் வெட்டினாய் என்று கேட்டேன். “நோட்டீஸ்ல இடம் இல்லப்பா” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் கடிதங்கள் வந்தால் போனை வாங்கி, “என்ன எழுதறா அத்தை?” என்று கேட்கிறான். முழங்காலைப் பற்றி என்று சொல்கிறேன். தமிழெழுத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். பெற்ற பிள்ளையிடம் இப்படி மறைக்கவேண்டி வந்துவிட்டதே என்று வெட்கமாக இருக்கிறது. மறைக்க முடிகிறதே என்று நிம்மதியாகவும் இருக்கிறது.

இந்த வருஷம் புதிதாக ஓர் ஏற்பாடு. சதுர்த்தசியன்று ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை, நம்மவர்கள் மட்டும் இல்லை, இந்துக்கள் எல்லாருமே விளக்கை அணைக்க வேண்டுமாம். நமக்கு அனுதாபமாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டு லிங்கம்மா டீச்சரும் சரியென்றிருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊர்வலம் நம் சந்து வழியாக வருகிறது.

நேற்று ஹரி ஒரு பெரிய பல்பு வாங்கிவந்து கீழ்வீட்டு வாசலில் தானே ஏணி போட்டு மாட்டினான். நூருன்னிஸா, “எதுக்குப்பா ஹரி, இருக்கறதே போறுமே” என்றாள். “அன்னிக்கு ஏழு மணிக்கு இதைப் போட்டு வைக்கணும், அணைக்கப்படாது” என்றான். அவள் சிரித்துக்கொண்டே, “அன்னிக்குதான் நான் போடறதே இல்லையே, உனக்குத் தெரியாதா?” என்றாள். “இந்த வருஷம் போடணும்” என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் சிரித்த முகத்தோடேயே நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் மாடியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன், பத்மா.

சந்து முழுக்க இருட்டாக இருக்கும். அவள் வாசல் ஒன்று மட்டும் எரியும். இதற்கு உன் படிப்பெல்லாம் எனக்கு வேண்டாம், புரிகிறது.

ஒரு வழிதான் தோன்றுகிறது. அவர்களுக்கு நீதான் ஆதாரம். அப்படி ஒரு படுகொலை நடந்ததற்குச் சான்று கிடையாது, வெறும் கர்ணபரம்பரைக் கதை என்று நீ ஒரே ஒரு வரி கன்னடப் பேப்பருக்கு எழுதிவிடு. எல்லாம் நின்றுவிடும். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அண்ணா

*

ஆம்ஸ்டர்டாம்
8 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இரண்டு நாளாக உன் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. மன்னித்துவிடு.

சான்று குறைவுதான். எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் இத்தனை தலைமுறை, இத்தனை வீடுகள், ஒருவரையொருவர் பார்க்காத குடும்பங்கள்கூட அதே நாளில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், என்னமோ நடந்திருக்கிறது. செத்தவர்கள் செத்தவர்கள்தான். எல்லாத் தேசத்திலும் முதலில் ஒரு கூட்டம் கொல்லும், அப்புறம் படித்தவர்கள் வந்து நடக்கவேயில்லை என்பார்கள். அந்த இரண்டாவது வேலையைச் செய்கிறவர்களோடு சண்டை போட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. நூருன்னிஸாவுக்காகக்கூட நான் அதைச் செய்யமாட்டேன். செய்தாலும் பலிக்காது. அத்தையையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று அடுத்த நோட்டீஸ் வரும், அவ்வளவுதான்.

என் வாக்கியத்தை முழுதாகப் போட்டு இரண்டு கன்னடப் பேப்பருக்கு அனுப்பியிருக்கிறேன். போலீஸுக்கும் எழுதினேன். நீயும் நேரில் போய்ச் சொல்.

நூருன்னிஸாவும் அவள் அம்மாவும் அன்று வேறெங்காவது போக முடியுமா என்று கேள். போக முடியாதென்றால், பல்பை அணைப்பதில் பிரயோஜனமில்லை. வீடு அவர்களுக்குத் தெரியும். இனிமேல் அவளை ஒளிக்க முடியாது அண்ணா. தனியாக விடாமல் இருக்கத்தான் முடியும். எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு படித்துவிட்டு இங்கே நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, எப்படி என்று தெரியவில்லை என்று எழுதுகிறேன் பார். நீ அங்கே இருக்கிறாய். நீதான் பார்க்க வேண்டும்.

பத்மா

*

மைசூரு
20 அக்டோபர் 2025, மத்தியானம்

பத்மாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். ஹரி காலையிலேயே கிளம்பிவிட்டான்.

ஸ்டேஷனுக்குப் போனேன். பெரியவரே பயப்படாதீர்கள், சந்து முனையில் ஆள் நிற்கும் என்றார்கள். நூருன்னிஸாவிடம் போகச் சொல்லிக் கேட்டேன். “அம்மாவைத் தூக்கிண்டு எங்கே போறது மாமா? இன்னிக்குப் போனா ஒவ்வொரு வருஷமும் போகணும்” என்றாள். உன் வாக்கியத்தை ஒரு பேப்பரும் போடவில்லை. நான் தினமும் வாங்கிப் பார்த்தேன்.

சற்று முன்புதான் பரணிலிருந்து அம்மாவின் குத்துவிளக்கை இறக்கினேன். அகல்களையும் தேடி எடுத்தேன். எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்திருக்கிறேன். நம் வம்சத்தில் இந்த நாளில் எவரும் செய்யாததைச் செய்யப்போகிறேன். செத்தவர்கள் என்னை மன்னிப்பார்களா? நீ பதில் எழுதவேண்டாம், எழுதினால் ஒருவேளை மனசு மாறிவிடுவேன்.

அண்ணா

*

ஆம்ஸ்டர்டாம்
21 அக்டோபர் 2025

அண்ணா,

பதில் எழுதாதே என்றாய், நேற்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன். ராத்திரியிலிருந்து ஹரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை. நூருன்னிஸாவின் நம்பர் அணைந்திருக்கிறது. காலையில் உனக்கு அனுப்பிய செய்திக்கு இன்னும் ஒரே ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.

இங்கே வாசலில் பித்தளைக் கற்களைத் துடைக்க ஒரு பெண் வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் பார்க்க முடியவில்லை, திரையை இழுத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

பத்மா

*

ஸ்ரீ:
மைசூரு
22 அக்டோபர் 2025

அன்புள்ள பத்மாவுக்கு ஆசீர்வாதம்.

உயிரோடு இருக்கிறேன். போன் உடைந்துவிட்டது. லிங்கம்மா டீச்சரின் போனிலிருந்து இதை அனுப்புகிறேன்.

ஏழு மணிக்குச் சந்து முழுக்க அணைந்தது. கீழே நூருன்னிஸாவின் வாசல் மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிந்தது. நான் மாடி வராந்தாவில் குத்துவிளக்கை ஏற்றினேன். அப்புறம் கைப்பிடிச் சுவர் நெடுக அகல்கள். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது. ஏற்றி முடித்துப் பார்த்தால் அழகாக இருந்தது, பத்மா. நம் ஆத்தை இந்த நாளில் இப்படி நான் பார்த்ததே இல்லை. எதிரே டீச்சர் வாசலுக்கு வந்து என்னை வெறித்துப் பார்த்தார். உள்ளே போனார். அவர் வீட்டுக் கூடத்து விளக்கு எரிந்தது. வேறு யாரும் போடவில்லை.

ஊர்வலம் வந்து நம் வாசலில் நின்றது. சத்தம் என் மெஷினில் இரைச்சலாகத்தான் கேட்டது. ஹரி படியேறி ஓடிவந்தான். “அப்பா, என்ன பண்றேள்? எல்லாரும் பாக்கறா, மானம் போறது, அணைச்சுடுங்கோ.” மாட்டேன் என்றேன். “நம்மவா செத்த நாள்பா இது!” என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். “அதனாலதான்டா ஏத்தினேன்” என்றேன். அவன் கையாலேயே அகல்களை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தான், விரல் சுட்டுக்கொண்டது. அவன் அணைக்க அணைக்க நான் பின்னாலேயே ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தோம். அப்போதுதான் முதல் கல் விழுந்தது. பல்பு உடைந்தது. அப்புறம் கீழ்வீட்டு ஜன்னல். ஒரு கல் மாடிக்கும் வந்து என் போன் மேல் விழுந்தது.

யார் போட்டது என்று தெரியாது. ஹரி போடவில்லை. அவன் என் எதிரில் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பார்த்தேன். இந்த ஜன்மத்துக்கு எனக்கு இருக்கிற ஆறுதல் அது ஒன்றுதான். போலீஸ்காரர் இருவர் ஓடிவந்தார்கள். கூட்டம் கலைந்தது. ஹரி இறங்கி அந்தச் சமிதிக்காரர்களோடு போனவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

நூருன்னிஸாவுக்கும் அவள் அம்மாவுக்கும் காயமில்லை. கண்ணாடித் தூள் படுக்கை முழுக்கக் கிடந்தது. நானும் டீச்சரும் பொறுக்கினோம். நேற்றுக் காலை அவள் அண்ணன் ராஜீவ் நகரிலிருந்து கூட்ஸ் ஆட்டோ கொண்டுவந்தான். அம்மாவைக் கட்டிலோடு ஏற்றினார்கள், தையல் மெஷினை ஏற்றினார்கள். நான் போகாதே என்று சொன்னேன். “நீங்க விளக்கேத்தினேள் மாமா. நான் மறக்கமாட்டேன். ஆனா மேலே எரியறதா, கீழே எரியறதான்னு பாத்துண்டே என்னால வருஷம் பூரா தூங்க முடியாது” என்றாள். போகும்போது உன் பிளவுஸ் துணி ஒன்று வெட்டி வைத்திருந்ததைக் கையில் கொடுத்தாள், தைக்க நேரமில்லை என்று மன்னிப்புக் கேட்டாள்.

நீ பொய் எழுதமாட்டேன் என்றதற்கு உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

இன்று பலிபாட்யமி, தீபாவளியின் கடைசி நாள். இன்றைக்கு நமக்குத் தடை கிடையாது, ஏற்றலாம். ஏற்ற மனசு வரவில்லை. ஊரெல்லாம் எரிகிறது. கீழ்வீடு இருட்டாக இருக்கிறது. அதை இனி வாடகைக்கு விடப்போவதில்லை. உன் கட்டுரையில் விளக்கேற்றாத வீடுகளின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள். நம் பெரியவர்கள் பேர் சொல்லாமல் விட்டது போல நீயும் விட்டுவிடாதே. யாரால் என்று எழுது. என் பேரையும் ஹரியின் பேரையும் போடு. பாதியில் வெட்டாதே.

உன் அண்ணா,
நரசிம்மமூர்த்தி